மறு: சம்மர் பெர்ஃபோமன்ஸ் டயருக்குத் தமிழ் – ‘கோடை’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோத் தம்பி தனது 460 பரிவலு (ஹோர்ஸ்பவர்) மஸ்டாங் காருக்கு டயரும் ரிம்மும் மாற்றுவதைப் பற்றித் தமிழில் எழுதப் போகிறாராம். ‘சம்மர் பெர்ஃபோமன்ஸ் டயர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன.

> கோடைக்கால உயர்செயல்திறன் உருளிப்பட்டை
> கோடை வேக டயர்
> சம்மர் டயர் என்றே விடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்

மூன்றாவதைச் சொன்னவர் நினைப்பதுபோல எல்லோருக்கும் விளங்குவதில்லை. நான் திருகோணமலையில் அலைன்மென்ட் கடை நடத்துகிறேன். “இது சம்மர் டயர்” என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, “அப்ப மாரிக்குக் கழற்ற வேணுமா?” என்பதுதான். கேட்பவர் மேல் பிழை இல்லை. எங்களுக்குக் கோடை என்றால் கச்சான் காற்று அடிக்கும் காலம். அதற்கு எதிர்ப்பக்கம் மாரி, ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை நின்று பெய்யும் மழை. ஆகவே கோடை டயர் என்றால் மழைக்கு ஆகாத டயர் என்றே காதில் விழுகிறது. அந்த ஆங்கிலப் பெயர் பிறந்த ஊர்களில் கோடைக்கு எதிர் பனி. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். அங்கே அந்தப் பெயர் பொருந்தும்.

பொருளைப் பார்ப்போம். இந்த டயரின் இறப்பர்க் கலவை சூட்டில் இளகி, வீதியின் கரடுமுரடுக்குள் இறங்கிப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. தாரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சிறு கல்லிலும் அமுங்குகிறது, பிறகு மெதுவாக மீள்கிறது. அந்த மந்தமான மீட்சியில் வெப்பமாகச் செலவாகும் சக்திதான் நமக்குப் பிடிப்பாகக் கிடைப்பதில் பெரும்பங்கு. குளிரக் குளிர அதே கலவை இறுகும். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனால் பிடிப்பு நன்றாகவே விழுந்துவிடும். இலங்கையில் அந்த 7 பாகையைக் காண வேண்டுமென்றால் தை மாத விடியலில் நுவரெலியா ஏற வேண்டும். திருகோணமலையில் மார்கழி விடியலில்கூட 20க்குக் கீழே இறங்குவது அரிது. எங்களுக்கு இது பன்னிரண்டு மாத டயர்.

மழையிலும் அப்படித்தான். நல்ல சம்மர் டயர், சூடான ஈர வீதியில் எல்லாப் பருவத்துக்குமென்று விற்கும் ஓல்-சீசன் டயரைவிடக் குறைந்த தூரத்திலேயே காரை நிறுத்தும். மழைக்குப் பயப்பட வேண்டியது, ஓட்டப்பந்தயத் திடலுக்கென்று செய்து, பள்ளம் குறைவாக வெட்டப்பட்ட வகைக்கு மட்டும்.

எதிர்வகையையும் இங்கேயே பார்த்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த கார் ஒன்று பனிக்கால ஸ்டட்லெஸ் (ஆணி பதிக்காத) டயரோடேயே கடைக்கு வந்தது. டயர் முகம் முழுக்க மெல்லிய நெளிவெட்டுகள். ஆவணி மத்தியானம், பெருவிரலால் அழுத்தினால் இறப்பர் உள்ளே போனது. உரிமையாளருக்கோ பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று சந்தோஷம். ஸ்ரேறிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. இந்த டயர் குளிருக்குச் செய்தது என்று அவருக்கு ஒரு சொல்லில் விளங்கவைக்க என்னிடம் சொல் இருக்கவில்லை. ‘பனி டயர்’ என்றேன். இங்கே பனி என்றால் காலையில் புல்லில் இருப்பது. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது ‘செயல்திறன்’. இதில் இரண்டு கரைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் என்றால் ஒரு நொடியில் செய்யும் வேலை, அதாவது எங்கள் வலு. எங்கள் பாடநூலிலோ வினைத்திறன் என்றால் போட்டதில் எவ்வளவு பயனாகத் திரும்புகிறது என்பது. ஆகவே ‘உயர்செயல்திறன் டயர்’ என்று எழுதினால் இங்கே படிப்பவர் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் டயர் என்றே எடுத்துக்கொள்வார். உண்மை நேரெதிர். பிடிப்புக்காக மந்தமாக மீளும் இறப்பர் உருளும்போதும் சக்தியைத் தின்னும். ஐரோப்பிய டயர்களில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் பாருங்கள். ஈரப் பிடிப்புக்கு ‘ஏ’ வாங்கிய டயர், எரிபொருளுக்கு ‘சி’யோ ‘டி’யோ வாங்கியிருப்பது சாதாரணம். உருளிப்பட்டைக்கு நான் எதிரி அல்ல. ஆனால் டயர் என்ற சொல் மாட்டுவண்டிக்காரரிடம்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதை மீட்கப் போய் நேரம் வீணாக்க வேண்டாம்.

சரி, என் முன்மொழிவு. பருவத்தையும் விட்டுவிடுவோம், செயல்திறனையும் விட்டுவிடுவோம். எந்த நிலையில் பிடிக்கும் என்பதைப் பெயராக்குவோம்:

வெம்பிடி டயர் – சூட்டில் பிடிப்பது (சம்மர்)
தண்பிடி டயர் – குளிரில் பிடிப்பது (ஸ்டட்லெஸ் உட்பட)
இடைப்பிடி டயர் – இரண்டுக்கும் நடுவில் நிற்பது (ஓல்-சீசன்)

முதலில் ‘சூட்டுப்பிடி’ என்றுதான் வைக்க நினைத்தேன், வாய்க்குச் சுலபம். ஆனால் இந்த ஊரில் சூடு என்றால் துவக்கும் நினைவுக்கு வரும், வயல்பக்கம் போனால் சூடடிப்பும் வரும். கடைப் பலகையில் எழுத மனம் வரவில்லை.

சொல் நிற்குமா என்று பார்க்கவேண்டுமானால் அதை வேலையில் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே மிற்சுபிசி இவோ 10 வைத்திருக்கும் ஒருவருக்கு, 300 பரிவலுவை ஒட்டிய வண்டி, நான் சொல்லக்கூடியதை அப்படியே எழுதுகிறேன்:

“வெம்பிடி போடுங்கள், இடைப்பிடி வேண்டாம். 245/40 ஆர்18 என்ற அளவிலேயே நில்லுங்கள், அதாவது 245 மில்லிமீற்றர் அகலம், பக்கச்சுவர் அதில் 40 வீதம், 18 அங்குல ரிம். 19 அங்குலத்துக்குப் போனால் 245/35 ஆர்19 வரும். வெளிவிட்டம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் கூடும், ஆனால் பக்கச்சுவர் 98 மில்லிமீற்றரிலிருந்து 86க்கு இறங்கிவிடும். குழிக்குள் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த 12 மில்லிமீற்றர் இறப்பர்தான். ரிம் வாங்குவதானால் அழகைவிட நிறையைப் பாருங்கள். காய்ச்சியடித்த ரிம் வார்ப்பு ரிம்மைவிட இலேசாக வரும், விலையும் அப்படியே ஏறும். சுமை எண் 93 என்றால் டயர் ஒன்றுக்கு 650 கிலோ, 97 என்றால் 730 கிலோ. கடைசியில் உள்ள ‘வை’ என்ற எழுத்து மணிக்கு 300 கிலோமீற்றர் தாங்கும் என்பது. ஹபரணை வீதியில் மாடும் யானையும் குறுக்கே வரும்போது அந்த வேகம் யாருக்கும் தேவையில்லை, ஆனால் அந்த எழுத்துக்காகக் கட்டிய கட்டுமானம் பிரேக்கிலும் வளைவிலும் உதவும். வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம் செய்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஏழெட்டு வருடம் கிடந்ததை வாங்காதீர்கள், எங்கள் வெயிலில் வெம்பிடியும் காய்ந்து கட்டையாகிவிடும்.”

எழுதும்போது எங்கும் இடறவில்லை. வேறு யாராவது ‘கோடைக்கால உயர்செயல்திறன் உருளிப்பட்டை’யை வைத்து இதே பத்தியை எழுதிக் காட்டினால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

கூடவே வேண்டிய சில சொற்கள். வீதியில் டயர் பதியும் இடத்துக்கு ‘தொடுதடம்’. 460 பரிவலுவும் ஒரு உள்ளங்கை அளவு தொடுதடங்களின் வழியாகத்தான் தரைக்குப் போகவேண்டும் என்று சொன்னால், தம்பி ஏன் டயருக்கு இவ்வளவு செலவழிக்கிறார் என்பது வீட்டுக்காரருக்கும் விளங்கும். வெள்ளத்தில் தொடுதடம் தரையை விட்டுத் தண்ணீர்மேல் ஏறுவது ‘நீர்மிதப்பு’. விமானச் சில்லுகளை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட ஒரு கணக்கு உண்டு. பிஎஸ்ஐ அலகில் டயரின் காற்றமுக்கத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில் (மணிக்கு எத்தனை கடல்மைல் என்று) வரும். 36 பிஎஸ்ஐ என்றால் 54 நொட், அதாவது மணிக்கு 100 கிலோமீற்றர். பள்ளம் உள்ள கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, மொட்டை டயருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். அகல டயர் போடுபவர்கள் இன்னும் கவனம், அகலம் கூடினால் தண்ணீரை ஒதுக்குவது கடினம்.

‘ஓப்செட்’ – இதற்கு ‘நடுவிலகல்’ என்கிறேன். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, போல்ட் பூட்டும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் அது. அதே அகலத்தில் நடுவிலகல் 38க்குப் பதில் 22 போட்டால் சில்லு 16 மில்லிமீற்றர் வெளியே வரும், மட்காட்டில் உரசும், பெயாரிங்குக்கும் பாரம் கூடும். ரிம், சில்லு, வீல் சண்டையை இன்னொரு இழைக்கு விடுவோம்.

– திருகோணமலையிலிருந்து

———

மறு: மறு: சம்மர் பெர்ஃபோமன்ஸ் டயருக்குத் தமிழ்

> வெம்பிடி என்றால் வெம்பிப்போன மாங்காய் நினைவுக்கு வருகிறதே

கோவை ஐயா, அது எனக்கும் வந்தது. ஆனால் வெம்மை, தண்மை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் மாங்காய் ஓடிவிடுகிறது. தனியாக வரும் இடத்தில் முதல் தடவை ‘வெம்மையில் பிடிக்கும் டயர்’ என்று விரித்துவிட்டுப் பிறகு சுருக்கலாம். ‘வெப்பப்பிடி’ என்ற உங்கள் மாற்றும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் அதற்குச் சோடியாகக் ‘குளிர்ப்பிடி’ என்று எழுதினால் குளிர் வந்து ஆளைப் பிடித்ததுபோல இருக்கிறது.

> அண்ணை, நான் 19 அங்குல ரிம் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டேன். வெம்பிடி என்றே எழுதுகிறேன். நவம்பரில் தண்பிடிக்கு மாறும்போது அதே ரிம்மில் போடலாமா?

தம்பி, போடாதையுங்கோ. தண்பிடிக்குத் தனி ரிம் வைத்திருங்கள், 18ஆக இருந்தால் நல்லது. வீதியில் கொட்டும் உப்பு புது ரிம்மின் பூச்சைத் தின்னும், ஒரே ரிம்மில் வருடம் இரண்டு தரம் டயரைக் கழற்றிப் பூட்டினால் டயரின் விளிம்புக்கும் கூடாது. ஆனால் 18 உங்கள் பிரேக் கலிப்பருக்கு இடம் விடுமா என்று முதலில் பாருங்கள். பேசிவைத்த ரிம்முக்குக் காசு கொடுக்க முன், அதன் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் அகலத்தையும் நடுவிலகலையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.