காலை 10 முதல் 12 வரை போனை எடுப்பதில்லை, இது தப்பா?

வைகைக்கரை:
வீட்டு பிளான் வரைகிற வேலை எனக்கு. போன மாதம் ஒரு படிக்கட்டுக்குக் கணக்குப் போடும்போது அடுத்தடுத்து நாலு போன். உயரம் 10 அடி, படி 6 அங்குலம் என்றால் 20 படி வர வேண்டும், நான் 18 என்று வரைந்து அனுப்பிவிட்டேன். சென்ட்ரிங் அடிக்கும்போது ஒரு அடி பத்தவில்லையே என்று கொத்தனார்தான் கண்டுபிடித்தார். அந்த நாலு போனிலும் கேட்டது, "அந்த பைலை மறுபடி அனுப்புப்பா." அன்றிலிருந்து காலையில் இரண்டு மணி நேரமும் ராத்திரி 8 மணிக்கு மேலும் போனை எடுப்பதில்லை. ஆபீசில் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள்.

மாட்டுத்தாவணி மல்லி:
தப்புதான் தம்பி. எனக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மல்லி மொட்டாக இருக்கும்போதே கைமாற வேண்டும், விரிந்துவிட்டால் போச்சு. முகூர்த்த நாளில் விடியக்காலை ஒரு விலை, எட்டு மணிக்கு ஒரு விலை. பறித்து வைத்துக்கொண்டு ஊரிலிருந்து ஒருவர் கூப்பிடும்போது நான் எடுக்காவிட்டால் நஷ்டம் அவருக்கு.

வைகைக்கரை:
அண்ணே, உங்களுக்குப் போன்தான் வியாபாரம், எனக்கு அது வியாபாரத்தைக் கெடுக்கிறது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். என் படிக்கட்டில் நடந்தது அதுதான்.

மாசி வீதி:
நீங்கள் எடுக்காமல் இருக்கலாம், ஜவுளிக்கடையில் நிற்கிற நான் லீவு நாளில் முதலாளி கூப்பிட்டு எடுக்காவிட்டால் மறுநாள் என்ன ஆகும்? சட்டம் வேண்டும். பிரான்சில் 2017இலேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, வேலை நேரம் முடிந்தபின் கூப்பிட்டால், மறுப்பது நியாயமில்லாததாக இருந்தாலொழிய, பதில் சொல்ல மறுக்கலாம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டபோதும் நடக்குமா என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு ஸ்டூலை எடுத்துப் போடு என்று கேட்க எனக்கு வாய் வருகிறது, அந்தச் சட்டம் இருப்பதால்தான்.

மஹால் தெரு:
போனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வீட்டிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். துணியை நக நுனியில் கிள்ளி நூலைச் சுற்றி இறுக்க வேண்டும், பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் சாயம் உள்ளே இறங்கிப் புள்ளி கெட்டுவிடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நடுவில் சாக்ஸ் எங்கே, சிலிண்டர் வந்திருக்கு, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறாள், அதனால் சும்மா இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. மதியம் 2 முதல் 4 வரை கூப்பிடாதீர்கள் என்று நான் மட்டும் முடிவு எடுத்து என்ன பயன், வீடே ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டம் இந்த வாசலுக்குள் வருமா?

மாட்டுத்தாவணி மல்லி:
நான் எல்லா நேரமும் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். மதியம் 1 மணிக்குப் படுத்தால் 4 வரை நல்ல தூக்கம். அப்போது வருகிற போனை வீட்டுக்காரி எடுத்து விவரம் எழுதி வைத்துவிடுவாள்.

மஹால் தெரு:
அண்ணே, அப்போது அவர்கள் எப்போது தூங்குகிறார்கள்?

மாட்டுத்தாவணி மல்லி:
நான் விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பும்போது அவளும் எழுந்து காபி போடுகிறாள். ராத்திரி பிள்ளைகள் படித்து முடித்தபிறகுதான் படுக்கிறாள். நாளையிலிருந்து மதியம் போன் கடைப்பையனிடம் இருக்கும் தங்கச்சி.