அமெரிக்கப் பென்ஷனோட திருகோணமலைக்கு வந்தவர்கள்: மெடிகேருக்கு மாசம் உண்மையில எவ்வளவு போகுது?

உவர்மலைக்காரன்

ஊருக்கு வந்ததில இருந்து ஒரே கேள்விதான். "அங்க 65 வயசானா கவர்மெண்ட் இன்சூரன்ஸ் சும்மா குடுக்கிறாங்களாம், பிறகென்ன குறை?" கலியாண வீட்டிலயும் கேக்கினம், செத்த வீட்டிலயும் கேக்கினம். அந்த இன்சூரன்ஸ்தான் மெடிகேர். சும்மா இல்லை எண்டு சொன்னா பஞ்சப்பாட்டு எண்டு நினைக்கினம். அதால என்ர கணக்கை முதல்ல போடுறன். நீங்களும் போடுங்கோ. ஆரோ சொன்னது வேண்டாம், உங்கட காசு போனது மட்டும்.

பத்து வருசம், அதாவது 40 காலாண்டு, சம்பளத்தில வரி கட்டினவருக்கு மெடிகேரில பார்ட் ஏ எண்ட பகுதிக்கு மாசக் கட்டணம் இல்லை. அது ஆஸ்பத்திரியில படுக்கிறதுக்கு. "சும்மா" எண்ட கதை அதில இருந்து வந்ததுதான். டொக்டரைப் பாக்கிறது, ஸ்கான் எடுக்கிறது எல்லாம் பார்ட் பி. அதுக்கு 2025 இல மாசம் 185 டொலர், 2026 இல 202.90. பென்ஷன் பாங்குக்கு வர முன்னமே கழிச்சுப் போடுவினம். இந்த வருசம் பென்ஷனை 2.8 வீதம் கூட்டினவை, பார்ட் பி-யையும் 17.90 கூட்டிப் போட்டினம். மாசம் 1,300 டொலர் அளவில எடுக்கிற என்னை மாதிரி ஆளுக்கு, கூட்டித் தந்ததில பாதி அங்கயே நிண்டிட்டுது.

202.90 எண்டா இண்டைக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல. இங்க இருக்கிற எனக்கு அந்தக் காசுக்கு ஒரு பனடோலும் வராது. கனடா எல்லைப் பக்கம் நடக்கிற ஒண்டிரண்டு விசயத்தைத் தவிர மெடிகேர் வெளிநாட்டில செல்லாது. வச்சிருக்கிறவை ஏன் வச்சிருக்கிறியள், விட்டவை ஏன் விட்டனியள்?

பாலையூற்று ஐயா

நான் விட்டிட்டன். 1763 எண்டு ஒரு படிவம், அதை நிரப்பிக் குடுத்தா பார்ட் பி நிக்கும். பார்ட் ஏ அப்பிடியே இருக்கு. காசு இல்லாத சாமான், இருந்திட்டுப் போகட்டும்.

எனக்கு 74 வயசு. மகன் சிட்னியில, மகள் கொழும்பில. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் ஆரிட்ட இருக்கப் போறன்? பிரஷருக்கும் சீனிக்கும் பெரியாஸ்பத்திரி கிளினிக். விடியக் கொப்பியைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கில இருந்தா, அரசியல் முழுக்கக் கதைச்சு முடியத்தான் என்ர நம்பர் வரும். மருந்து இலவசம். 2022 இல நாட்டில டொலர் இல்லாமல் மருந்து வராத நேரம் துண்டு எழுதித் தந்து வெளியில வாங்கச் சொன்னவை. இப்பவும் ஒண்டிரண்டு குளிசை அப்பிடித்தான். கண்ணுக்குத் தனியாரிட்ட போறன், இரத்தம் சோதிக்கிறதும் வெளியில. எல்லாத்தையும் கூட்டினாலும் பார்ட் பி-க்குப் போன காசில கால்வாசி வராது.

ஆனா என்னைப் பாத்து எல்லாரும் விடாதேங்கோ. விட்டிட்டுத் திரும்ப எடுக்கிறதெண்டா முழு 12 மாசத்துக்கு 10 வீதப்படி தண்டம். ஒருக்காக் கட்டிற காசில்லை, பார்ட் பி இருக்கிற காலம் முழுக்க மாசாமாசம் சேந்து வரும். ஐஞ்சு வருசம் விட்ட ஆள் இண்டைய விலைக்கு 304 டொலருக்கு மேல கட்ட வேணும். அதுவும் நினைச்ச நேரம் ஏலாது. ஜனவரி 1 தொடக்கம் மார்ச் 31 க்குள்ள பதிஞ்சா அடுத்த மாசம் தொடங்கும். ஏப்ரலில நெஞ்சு நொந்தா, தை பிறக்குமட்டும் பொறு எண்டு நெஞ்சிட்ட சொல்லேலுமோ?

நிலாவெளி ரோட் அக்கா

ஐயா சொன்னதில கடைசிப் பந்திக்காகத்தான் நான் விடேல்லை.

போன வருசம் இடுப்பு மூட்டு தேஞ்சு, படி ஏற ஏலாமல் போச்சு. இங்க செய்யலாம் எண்டுதான் சொன்னவை, ஆனா காத்திருக்க வேணும். கொழும்பில தனியாரில செய்யிறதுக்கும் கணக்குப் பாத்தனான். கடைசியில பிளேன் ஏறிப் பிள்ளையளிட்ட போயிட்டன். எனக்குச் சீனியும் இருதய வருத்தமும் இருக்கிறபடியா வோட்டில வச்சுத்தான் செய்தவை.

இனிக் கணக்கு. பார்ட் ஏ சும்மா எண்டா ஆஸ்பத்திரியும் சும்மா எண்டு சனம் நினைக்குது. படுத்த உடன முதல் 1,676 டொலர் எங்கட தலையில. அது 2025 கணக்கு, இந்த வருசம் 1,736. அதுவும் வருசத்துக்கு ஒருக்கா எண்டு இல்லை. வெளியில வந்து 60 நாள் தாண்டிப் போய்த் திரும்பப் படுத்தா திரும்பவும் அதே தொகை. பார்ட் பி-க்குத் தனியா வருசம் 257, இப்ப 283. அதுக்குப் பிறகு, வெட்டின டொக்டர், மயக்க மருந்து குடுத்தவர், பிசியோதெரபி, பிடிச்சு நடக்கிற வோக்கர், எல்லாத்திலயும் 20 வீதம் நாங்கள். இந்த 20 வீதத்துக்கு மேல்வரம்பே இல்லை. இடுப்புக்கு எண்டபடியாப் பரவாயில்லை. புற்றுநோய் எண்டு வந்தவை இந்த 20 வீதத்திலதான் வீடு விக்கினம்.

அதை மூடத்தான் மெடிகேப் எண்டு தனியார் கொம்பனிக்காரர் விக்கிற காப்புறுதி. பார்ட் பி எடுத்து முதல் ஆறு மாசத்துக்குள்ள கேட்டா எந்த வருத்தம் இருந்தாலும் தர வேணும். பிறகு போனா, கனக்க மாநிலத்தில உங்கட வருத்தத்தைக் கேப்பினம், மாட்டன் எண்டும் சொல்லுவினம். என்ர மகன் டெக்சாஸில. வெக்கையும் எங்கட ஊர் மாதிரி, சேலையோட வெளியில திரியலாம். எனக்கு அங்கதான் விருப்பம். ஆனா டெக்சாஸில எனக்கு மெடிகேப் தரமாட்டினம். கனெக்டிகட்டில எந்த நேரம் கேட்டாலும் தர வேணும் எண்டு சட்டம், நியூயோர்க்கிலயும் அப்பிடித்தான். அதால மகளின்ர வீட்டில, பனிக்குள்ள, மூண்டு சுவெட்டரோட இருந்து செய்விச்சு வந்தனான். மெடிகேப்புக்கு மட்டும் பார்ட் பி-யை விடக் கூடப் போகுது. இரண்டையும் கூட்டிப் பாருங்கோ, எது சும்மா எண்டு.

இன்னொண்டு. மெடிகேப் பிளான் ஜி-யில வெளிநாட்டு அவசரத்துக்கும் கொஞ்சம் இருக்கு. பயணம் தொடங்கி முதல் 60 நாள், 250 டொலர் நாங்கள் கட்டினாப் பிறகு 80 வீதம், ஆயுளுக்கே 50,000 டொலர் மட்டும். ஆடி அமாவாசைக்கு வந்து போறவைக்கு உதவும். இங்க குடியிருக்கிற எங்களுக்கு உதவாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

டொலர்க்காரர்களுக்கு நடுவில் ஒரு ரூபாய்க்காரன் எழுதலாமா? நான் இலங்கை அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியின் உறுப்பினன். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்தான் அதை நடத்துகிறது. ஓய்வூதியத்திலிருந்து மாதாந்தம் கழிபடும் தொகை, நீங்கள் எழுதிய தொகைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பற்றுச்சீட்டின் மூலப் பிரதி, நோய் நிர்ணய அட்டை, உறுதிப்படுத்தும் கையொப்பம் என்று ஒரு கோவையைச் சுமந்தால்தான் காசு. கண்புரைக்குச் செலவழித்ததில் ஒரு பகுதி வந்தது, வந்ததும் சுணங்கித்தான். அக்காவின் 1,676 டொலரை ரூபாயாக்கிப் பார்த்தேன். ஐந்து இலட்சம்! எங்கள் பெரியாஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் பாயில் படுத்தாலும் வாசலில் எவரும் காசு கேட்பதில்லை.

சாம்பல்தீவுப் பொடியன்

சேர், உங்கட கதை எங்கட அம்மா சொன்னதேதான். நான் மேரிலாந்தில இருக்கிறன். அப்பா போனாப் பிறகு அம்மாவைக் கிரீன் கார்ட்டில கூப்பிட்டனான், அப்ப அவவுக்கு 71 வயசு. வந்த உடன மெடிகேர் கிடைக்கும் எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் எண்ணம். அப்பிடி இல்லை. ஒரு நாளும் அங்க வேலை செய்யாதவை ஐஞ்சு வருசம் தொடர்ந்து அங்கயே இருந்தாத்தான் காசு கட்டியாவது சேரலாம். இந்த வருச விலைக்குப் பார்ட் ஏ 565, பார்ட் பி 202.90, மொத்தம் மாசம் 767.90. பார்ட் பி மட்டும் தனிய எடுக்கலாம், ஆனா ஆஸ்பத்திரியில படுத்தா அது காணாது. அந்த ஐஞ்சு வருசத்துக்கும் வேற காப்புறுதி நாங்கள்தான் வாங்க வேணும். இடையில ஊருக்கு வந்து நெடுக நிண்டா "தொடர்ந்து" எண்ட சொல்லுக்கும் பிரச்சினை வரும்.

அம்மா இரண்டாவது வின்ரரோட பெட்டியைக் கட்டினவ. "கோணேசர் இருக்கிறார், பெரியாஸ்பத்திரி இருக்கு, உன்ர காசை உன்ர பிள்ளைக்கு வை" எண்டா.

உப்புவெளி

ஒருத்தரும் எழுதாத ஒண்டு இருக்கு. 202.90 எல்லாருக்கும் இல்லை, வருமானம் கூடினா கட்டணமும் கூடும். 2024 இல வேர்ஜினியா வீட்டை வித்துத்தான் நானும் மனிசியும் இங்க வீடு கட்டினம். இருந்த வீட்டை வித்தா தம்பதிக்கு 500,000 டொலர் இலாபம் வரைக்கும் வரி இல்லை. பழைய வீடு, அதுக்கு மேலயும் வந்திட்டுது. அந்த மிச்சம் அந்த வருச வருமானத்தில போய் விழுந்துது. 2026 கட்டணத்துக்கு 2024 வரிக்கணக்கைத்தான் பாப்பினம். இரண்டு பேருமாச் சேந்து 218,000 ஐத் தாண்டின முதல் படிக்கு ஆளுக்கு 284.10. வீட்டுக்கு மாசம் 568.20!

வருமானம் குறைஞ்சிட்டுது, இறக்குங்கோ எண்டு கேக்க எஸ்எஸ்ஏ-44 படிவம் இருக்கு. வேலையை விட்டது, துணை இறந்தது, விவாகரத்து இப்பிடியான காரணம் வேணும். வீடு வித்தது அந்தப் பட்டியலில இல்லை. நானும் விளங்கப்படுத்திப் பாத்தன், போனில இருந்த பிள்ளை மரியாதையா இல்லை எண்டிட்டா. அடுத்த வருசம் 2025 வருமானத்தைப் பாக்கேக்க தன்ரபாட்டில இறங்கும். வீடு விக்க இருக்கிறவை இதையும் செலவுக்குள்ள போடுங்கோ.

ஸ்காபரோ திருமலையான்

நாங்கள் கனடாவில, ஒன்ராறியோ மாகாண அரசாங்கத்தின்ர ஓகிப் எண்ட மருத்துவக் காப்புறுதியில. வயசானவைக்கு எண்டு மாசக் கட்டணம் இல்லை, வருமானத்தைப் பொறுத்து வரியோட சேத்து வருசம் ஆகக் கூடினது 900 கனடா டொலர் வரை போகும். எங்கட பிரச்சினை காசில்லை, நாள். பன்னிரண்டு மாசத்தில 153 நாளாவது ஒன்ராறியோவில நிக்க வேணும். மனிசி கலண்டரில சிவப்புப் பேனையால வெட்டி வெட்டித்தான் ரிக்கெட் போடுறவ.

உவர்மலைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வச்சிருக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறன், 70 வயசு மட்டும். மகள் நியூயோர்க்கில, பேரப்பிள்ளை பிறக்கப் போகுது, போய் நிக்க வேண்டி வரும். மெடிகேப் எடுக்கிறதெண்டாலும் அக்கா சொன்ன மாதிரி அங்க போய் எடுக்கலாம். 70 க்குப் பிறகு பாலையூற்று ஐயாவின்ர வழிதான். ஐயா, அந்த 1763 இல சாட்சிக் கையெழுத்துக்கு இடம் இருக்கே, இங்க சமாதான நீதவானிட்ட வாங்கினாக் காணுமோ?

பாலையூற்று ஐயா

கையெழுத்துப் போட ஏலாமல் அடையாளம் வைக்கிறவைக்குத்தான் தம்பி அந்த இரண்டு சாட்சியும். உங்கட கையெழுத்துப் போட்டாக் காணும். குடுக்க முன்னம் ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ, அடுத்த இரண்டு மாசமும் பாங்குக் கணக்கைப் பாருங்கோ, கழிக்கிறது நிண்டிட்டுதோ எண்டு.