குழாய்த் தண்ணீர்: சில நாள் குளோரின் வாடை, சில நாள் ஒன்றுமே இல்லை. குடிக்கலாமா?

மூன்றாம்மாடி எழுதியது:

இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. நகரக் குடிநீர் இணைப்புதான். கீழே மீட்டர், அங்கிருந்து மோட்டார் வழியாக மொட்டைமாடித் தொட்டி, தொட்டியிலிருந்து எங்கள் சமையலறைக் குழாய். பாட்டில் சுமந்து அலுத்துப்போய், இனிமேல் குழாயிலேயே குடிப்பது என்று இறங்கினேன். காலையில் பிடிக்கிற முதல் டம்ளரில் சில்லறைக் காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி. சில நாள் பால் கலந்ததுபோல் வெளுத்து வருகிறது. சில நாள் நீச்சல்குள வாடை தூக்குகிறது, பல நாள் எந்த வாடையும் இல்லை.

போன வாரம் சுத்திகரிப்புக் கருவி விற்கும் ஒருவர் வந்தார். பேனா மாதிரி ஒன்றை டம்ளரில் விட்டு "டீடிஎஸ் 410, பார்த்தீர்களா?" என்றார். அப்புறம் இரண்டு டம்ளர். ஒன்றில் எங்கள் தண்ணீர், மற்றதில் அவருடையது. இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் பழுப்பாகப் பொங்கி அடியில் சகதி தேங்கியது. அவருடையது பளிச்சென்று இருந்தது. "இதைத்தான் உங்கள் பிள்ளை குடிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மனைவி குழாய்ப் பக்கமே விடுவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெந்நீர்ப்பிரியன் எழுதியது:

கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள் சார். எல்லாம் போய்விடும். இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

பழைய ஆய்வகம் எழுதியது:

தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல் குடிநீர் ஆய்வகத்தில் பாட்டில் கழுவி, தண்ணீர் சோதித்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்தப் பழுப்புச் சகதி. அது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவர் விட்ட இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்புகள் இருந்தால் கரண்ட் பாயும், கம்பி அரிக்கும். அவருடைய தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை வந்தால் அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.

டீடிஎஸ் என்பது கரைந்திருக்கும் உப்புகளின் கணக்கு. பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம், சோடியம் சமாச்சாரம். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் ருசி நன்றாகவே இருக்கும், 1000 தாண்டினால் வாய்க்குப் பிடிக்காது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் 410 பயப்படுகிற எண்ணே இல்லை. ஆனால் அந்தப் பேனாவுக்குக் கிருமியும் தெரியாது, ஈயமும் தெரியாது. 50 காட்டும் தண்ணீரிலும் காலரா இருக்கலாம்.

வெளுத்து வருவது பெரும்பாலும் காற்று. டம்ளரை மேசையில் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் குமிழிதான். அடியில் ஏதாவது படிந்தால் அது வேறு கதை.

காசு ருசி ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்ற தண்ணீர். செம்பு, இரும்பு, பித்தளை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பழைய கட்டடமாக இருந்தால் ஈயமும் வரலாம், அதற்கு ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொண்டு, அப்புறம் குடிக்கப் பிடியுங்கள். வெந்நீர்ப்பிரியன் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை: கொதித்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாவதால் மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் இறங்கி வீடு வீடாகப் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீச்சல்குள வாடையைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள். எனக்கு உறுத்துவது உங்களுடைய 'பல நாள் எந்த வாடையும் இல்லை'. கிருமியைக் கொல்லத்தான் குளோரின், கடைசிக் குழாய் வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மிஞ்சியிருக்க வேண்டும். உச்ச அளவு 5, சிலருக்கு 0.3 இருந்தாலே மூக்கில் தெரியும். வாடை இருக்கிறதென்றால் காவல்காரன் வேலையில் இருக்கிறான். வாடை பிடிக்கவில்லை என்றால் ஜாடியில் பிடித்து ராத்திரி திறந்து வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோராமின் போடும் ஊராக இருந்தால் அவ்வளவு சுலபத்தில் போகாது.

ஒரு தடவை இதே மாதிரி புகார் வந்து போனேன். குளோரின் இருந்தால் ரோஸாக்கும் சோதனை மாத்திரையை மீட்டர் பக்கத்தில் பிடித்த தண்ணீரில் போட்டதும் நல்ல நிறம். நாலாவது மாடிக் குழாயில் நிறமே வரவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் தொட்டி மூடி காற்றில் பறந்து போயிருக்கிறது, பதிலுக்கு ஒரு பலகை, பலகைச் சந்தில் புறா இறகு. உள்ளே டார்ச் அடித்தேன், அடிமண் விரல் கனம் இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எத்தனையோ மைல் பத்திரமாக வந்த தண்ணீர், கடைசி நாற்பது அடியில் கெட்டுப்போயிருந்தது. உங்கள் தொட்டியைப் பாருங்கள்.

மண்வாசம் எழுதியது:

எங்கள் வீட்டில் கோடை முடிகிற சமயத்தில் மழை பெய்த மண் மாதிரி வாடை வருகிறது அண்ணா. அதுவும் தொட்டிதானா?

பழைய ஆய்வகம் எழுதியது:

தொட்டி இல்லையம்மா, ஏரி. பாசி பெருகும்போது ஜியோஸ்மின் என்ற பொருள் வரும். லிட்டருக்கு 10 நானோகிராம் போதும், மூக்கு பிடித்துவிடும். அந்த அளவில் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, குடிக்கத்தான் பிடிக்காது. குளிர வைத்தால் வாடை அமுங்கும். கரி வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம்மாடி எழுதியது:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். மூடி இருக்கிறது, ஆனால் வழிந்தோடும் குழாயின் வலை கிழிந்து கை நுழைகிற ஓட்டை. கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டி மேலேயே எழுதியிருக்கிறார்கள், இரண்டு வருஷத்துக்கு முந்தையது. சோதனை மாத்திரையும் வாங்கிப் போட்டேன். மீட்டரில் ரோஸ், சமையலறையில் ஒன்றும் இல்லை. உப்பு விஷயத்தையும் அந்த மனிதர் வந்தபோது செய்து பார்த்தேன். அவர் டம்ளரும் பொங்கியது. என் மனைவி சிரித்ததில் அவர் தேநீர்கூட குடிக்காமல் கிளம்பிவிட்டார். இந்த வாரம் தொட்டி கழுவ ஆள் வருகிறார்.

பழைய ஆய்வகம் எழுதியது:

சரி. கழுவி, குளோரின் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை எல்லா வீட்டுக் குழாய் வழியாகவும் வெளியேற்றச் சொல்லுங்கள். வலையை மாற்றாமல் விடாதீர்கள். மறுநாள் சமையலறையில் இன்னொரு மாத்திரை போடுங்கள். ரோஸ் வரும் வரைக்கும் வெந்நீர்ப்பிரியன் சொன்னதுதான், கொதிக்க வைத்துக் குடியுங்கள்.