உலையில் லிக்னின் பொங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

உலைக்களம்:
முதுகலை வேதியியல் படித்தபோது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைக் கரியாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காகிதக் கூழ்க் கழிவிலிருந்து பிரித்த பழுப்புப் பொடி. மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) முக்கால்வாசி நிரப்பி, நிமிடத்துக்கு 10 டிகிரி சூடு ஏறும்படி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். உலை ஆறியதும் திறந்தால், புளித்த மாவு மாதிரி பொங்கிக் குழாயெல்லாம் அப்பியிருந்தது. லிக்னின் கரியாவதற்கு முன்னால் இளகும். உள்ளிருந்து கிளம்பும் ஆவி அதை ஊதிவிடும்.

அடுத்த முறை காற்றிலேயே 250 டிகிரி வரை, நிமிடத்துக்கு அரை டிகிரி. காற்றின் ஆக்சிஜன், லிக்னின் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிட, பொங்கல் நின்றது.

அப்புறம் நைட்ரஜனில் 500, 700, 900 என்று மூன்று கரி. கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. மல்டிமீட்டரை வைத்தால் 500 டிகிரிக் கரிக்கு அது அசையவே இல்லை, 900இல் மின்சாரம் ஓடியது! லிக்னினில் பென்சீன் வளையங்கள் (ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையங்கள்) முதலிலேயே இருக்கின்றன. சூட்டில் அவற்றைக் கோத்திருக்கும் ஈதர் பிணைப்புகள் அறுந்து, புகைமணம் தரும் குவாயகால் பறந்துவிடும். மிஞ்சிய வளையங்கள் ஒட்டித் தகடாகும். தகடுகள் பெருகித் தொட்டுக்கொண்டால்தான் எலக்ட்ரானுக்கு வழி.

லேசர் ஒளி சிதறுவதை வைத்து அணுக்களின் ஒழுங்கைப் பார்க்கும் ராமன் நிறமாலையில்தான் பயந்தேன். ஒழுங்கின்மையைக் காட்டும் முகடு சூடு ஏற ஏற உயர்ந்தது. கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். தகடு மிகச் சிறியதாக இருக்கும்வரை அந்த முகடு உயர்ந்தால் வளர்ச்சி என்றே அர்த்தமாம்.

முதுகுளத்தூர்க்காரன்:
எங்கள் வீட்டில் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடுவோம். அப்பா புகையைத்தான் பார்ப்பார். வெள்ளையாக வந்தால் ஈரம் போகவில்லை, மெலிந்து நீலமானால் மூட்டத்தை அடைக்கலாம். பிரித்ததும் இரண்டு கரியைத் தட்டுவார். ‘கிணுங்’ என்றால் வெந்தது, ‘டொக்’ என்றால் அரைவேக்காடு. இன்னும் சூடேற்றினால் பென்சில் கிராஃபைட் ஆகிவிடுமா அண்ணே?

உலைக்களம்:
ஆகாது தம்பி. 3000 டிகிரிக்குப் போனாலும் முழுசாக ஆகாது. டிஎன்ஏ படத்துக்குப் பெயர் போன ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், 1951இலேயே கிராஃபைட் ஆகும் கரி, ஆகாத கரி என்று பிரித்துக் காட்டிவிட்டார். லிக்னின் ஆகாத கட்சி. குறுக்குப் பிணைப்புகள் தகடுகளை அடுக்க விடாது, கசக்கிய காகிதம் மாதிரி நிற்கும். கிராஃபைட்டில் தகட்டு இடைவெளி 0.335 நானோமீட்டர், இதில் அதைவிட அகலம். சோடியம் அயனி பேட்டரிக்காரர்கள் தேடுவதே இந்த மாதிரிக் கரியைத்தான்.

அப்பாவிடம் ‘கிணுங்’ ஒன்றும் ‘டொக்’ ஒன்றும் வாங்கி அனுப்புங்கள். மல்டிமீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.