படம் பார்த்தாச்சு, அப்புறம் அதையே நாவலாகவும் படிக்கணுமா?

காட்பாடி வாசகன்:
ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய ‘ஏலியன்’ நாவல் போன ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டை பாதி கிழிந்து, முதல் பக்கத்தில் பென்சிலால் 40 என்று விலை. விண்கப்பலுக்குள் புகுந்த வேற்றுக்கிரகப் பிராணி ஒன்று ஆட்களைக் கொல்லும் கதை, 1979ல் வந்த படத்தின் திரைக்கதையை வைத்து எழுதிய புத்தகம். கூட வந்த நண்பர், “படத்தைத்தான் நாலு தடவை பார்த்துட்டியே, இது எதுக்கு?” என்று கேட்டார். வேலூர்ப் பக்கம் அறிவியல் புனைகதை படிக்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாலாறு:
நண்பர் சொன்னதுதான் சரி. படம் ஓடும்போதே விற்றாக வேண்டும் என்று அவசரமாக எழுதி வாங்கிய சரக்கு இது. அந்தப் பிராணி எப்படி இருக்கும் என்று ஃபாஸ்டருக்குக் காட்டவே இல்லை, அதனால்தான் நாவலில் அதற்கு உருவமே சரியாக இல்லை. படத்துக்காக ஓவியர் கீகர் வரைந்த அந்த நீளத் தலை இல்லாமல் என்னங்க ஏலியன்?

காட்பாடி வாசகன்:
உருவம் பிடிபடாததால்தான் எனக்குப் பயமே வந்தது, சார். அப்புறம் ஒன்று, கப்பலின் கேப்டன் டல்லாஸ் அந்தப் பிராணியின் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு, தன்னைக் கொன்றுவிடும்படி கதாநாயகி ரிப்ளியிடம் கெஞ்சும் காட்சியை 1979 படத்தில் வெட்டிவிட்டார்கள். நாவலில் அப்போதே இருந்தது, தியேட்டரில் அது வந்தது 2003ல், இயக்குநர் மாற்றித் தொகுத்த பிறகுதான்.

ராணிப்பேட்டை அக்கா:
தம்பி சொல்வதோடு நானும் சேர்கிறேன். நான் படித்த காலத்தில் வேலூரில் இங்கிலீஷ் படம் பார்த்தால் சண்டை புரியும், வசனம் புரியாது, துணை எழுத்தும் கிடையாது. நாவலை வாங்கி லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக அர்த்தத்தை ஓரத்தில் எழுதிப் படித்த பிறகுதான் அந்த ஆட்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்றே தெரிந்தது. அவசர சரக்கு என்று எல்லாவற்றையும் ஒதுக்காதீர்கள். 1966ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ படத்தை நாவலாக்கியவர் பெரிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ். சுருக்கப்பட்ட நீர்மூழ்கி ஆட்களோடு ஒரு மனிதரின் உடம்புக்குள் போகிறது, 60 நிமிஷத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். படத்தில் இரத்தத்தின் வெள்ளை அணு ஒன்று கப்பலை விழுங்கிவிட, மற்றவர்கள் கண்ணீர் வழியாக வெளியே வந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கப்பல் பெரிதாகாதா? அந்த ஆள் என்ன ஆவார்? அசிமோவுக்கு அது பொறுக்கவில்லை, அந்த அணுவையே பின்னால் துரத்திவர வைத்து, கப்பலோடு வெளியே இழுத்துவிட்டார்.

பாலாறு:
அக்கா, அதை ஒப்புக்கொள்கிறேன். அசிமோவ் யோசித்து ஓட்டையை அடைத்திருக்கிறார். அப்படி எத்தனை பேர் செய்தார்கள்? உடனே யாராவது எழுத்தாளர் கிளார்க்கின் ‘2001’ நாவலைக் கொண்டுவருவீர்கள், அது இந்தக் கணக்கில் வராது. அவரும் இயக்குநர் குப்ரிக்கும் நாவலையும் படத்தையும் ஒரே சமயத்தில் உருவாக்கினார்கள், அதனால்தான் படத்தில் வியாழனுக்குப் போகும் கப்பல் புத்தகத்தில் சனிக்குப் போகிறது.

காட்பாடி வாசகன்:
சரி சார், கிளார்க்கை விட்டுவிடுவோம். டல்லாஸ் காட்சிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாலாறு:
படிக்காமல் பேசக்கூடாது. அந்த 40 ரூபாய்ப் புத்தகத்தை முடித்ததும் எனக்குக் கொடுங்கள், தம்பி.