பிளாக்-கார்டா, பிளாகர்டா?

கேள்வி:
பார்வையற்ற மாணவர்களுக்காகப் பழைய ஆங்கில நாவல்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். நேற்று, ஒரு பிரபு தன் மருமகனைத் திட்டும் இடம். கறுப்பு, காவல் என்று பொருள்படும் இரு சொற்களை ஒட்டி எழுதிய வசை. எழுத்துக்கூட்டி, கம்பீரமாக 'பிளாக்-கார்ட்' என்று படித்தேன். கேட்ட மாணவி, "அவனுக்குக் காவல் வேலையா கொடுக்கிறார்?" என்றாள். சரியான உச்சரிப்பு எது? காவல் எப்படி வசையானது?

பதில் 1:
'பிளாகர்ட்'. பின்பாதியை 'கார்ட்' என்று நீட்டுவோரும் உண்டு. எப்படியானாலும் நடுவிலுள்ள 'கே' ஒலிக்காது.

பதில் 2:
மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இந்தச் சொல்லிடம் நானும் ஏமாந்திருக்கிறேன். 'நாக்கு', 'நாகம்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒற்றெழுத்து போனதும் ககரம் குழைந்துவிடுகிறது அல்லவா? இங்கே 'கே', பின்னால் வரும் 'ஜி'யில் கரைந்துவிட்டது. நாம் 'கப்போர்டு' என்பதை ஆங்கிலேயர் 'கபர்ட்' என்பதும் இதே கதைதான். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் பின்பாதி சுருங்குகிறது.

16ஆம் நூற்றாண்டில் இதை இரண்டு சொற்களாகப் பிரித்தே எழுதினார்கள். அப்போது அது ஓர் ஆளையல்ல, ஒரு கூட்டத்தைக் குறித்தது: பெரிய மாளிகைகளின் அடுக்களையில் பாத்திரம் துலக்கி, கரி சுமந்த கடைநிலை வேலையாட்கள். பிரபு குடும்பம் இடம் மாறினால் சட்டி, அண்டா ஏற்றிய வண்டிகளோடு இவர்களும் போக வேண்டும். மேலெல்லாம் கரியோடு போகும் அந்த வரிசைக்குக் 'காவற்படை' என்று பெயரிட்டது கிண்டல்தான் என்பது என் எண்ணம். கறுப்புச் சீருடை அணிந்த நிஜக் காவலர்கள் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அடுப்பங்கரைதான் பொருந்துகிறது. பிறகு தெருவில் திரியும் பையன்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. 18ஆம் நூற்றாண்டில் தனி ஒருவனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. தமிழில் 'கயவன்' என்பேன். 'முட்டாள்' என்று மொழிபெயர்த்த கையெழுத்துப் படி ஒன்று என் மேசைக்கு வந்தது. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினேன்.

பதில் 3:
வேலைநிறுத்தத்தை முறிக்கும் கருங்காலியை ஆங்கிலத்தில் 'பிளாக்லெக்' என்கிறார்களே, அதிலும் 'கே'யை விழுங்க வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம். அங்கே பின்னால் வருவது 'எல்'. 'கே'யைக் கரைக்க ஆளில்லை.

கேட்டவர்:
நன்றி. திருத்திப் பதிவு செய்தேன். 'பிளாகர்ட்' என்றதும் அதே மாணவி, "வலைப்பதிவு எழுதுகிறவனா?" என்றாள். பிரபுவின் கோபத்தைக் கொஞ்சம் கூட்டி மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.