புதுப்பிப்பு: .22 ரைபிளில் 200 கெஜம் எட்டாத ஸ்கோப், சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 50 கெஜத்தில் ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) .22 எல்.ஆர். (லாங் ரைபிள் என்ற சிறிய தோட்டா வகை) ரைபிளில், ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, முழுக்கத் திருகியும் 200 கெஜத்தில் குண்டு குறிக்குக் கீழேயே விழுந்தது.

20 எம்.ஓ.ஏ. (கோண அளவு; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சரிவுள்ள ரெயிலை, அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பட்டையை, மாட்டச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம் 60 எம்.ஓ.ஏ.; தட்டையான ரெயிலில் மேல்நோக்கிக் கிடைப்பது அதில் பாதிதான். 200 கெஜத்துக்கு, 40 கிரெயின் (எடை அளவு) குண்டுக்கு 31 வரை தேவைப்பட்டது. இப்போது ஏறத்தாழ 50 கிடைக்கிறது. 50 கெஜத்தில் மறுபடி ஜீரோ செய்யவும் முடிகிறது. ரெயிலின் உயரமான முனை கண் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் இருப்பதும் குறைந்துவிடும்.

எதிர்பாராதது: அதிவேகத் தோட்டாதான் தூரத்தில் அதிகம் சிதறியது. ஒலியை மிஞ்சிக் கிளம்பி, வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறுகிறது. நொடிக்கு 1,070 அடி வேகத்தில் கிளம்பும் மேட்ச் (போட்டிக்கான) தோட்டா நெருக்கமாக விழுகிறது.